பெயரிலேயே மருந்துச் சீட்டு

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். வழியில் வேர், பட்டை, பச்சிலை விற்பவர்களிடம் நின்று பெயர் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ஒரு அகராதியே விரியும்.

முடக்கறுத்தான் என்ற பெயரைப் பாருங்கள். முடக்கை அறுப்பவன்! மூட்டு பிடித்துக்கொண்டவர்களுக்குத் தோசை மாவில் அரைத்துக் கலந்து கொடுப்பது. கல்லுருக்கி என்றால் சிறுநீரகக் கல்லை உருக்குவது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மறக்காதபடி பெயரிலேயே மருந்துச் சீட்டு.

உடனே 'தமிழின் தனிச் சிறப்பு' என்று மார்தட்ட வேண்டாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலமும் இதைத்தான் செய்தது. அன்று செடிக்குப் பெயர் 'விர்ட்'. நுரையீரலுக்கான செடி 'லுங்கென்விர்ட்', எலும்புக்கானது 'பான்விர்ட்'. வைத்தியர் 'லேச்சே'. மோதிர விரலுக்கே அப்போது வைத்தியர் விரல் என்றுதான் பெயராம்! பிறகு பிரெஞ்சும் லத்தீனும் வந்தன, லேச்சே போய் டாக்டர் வந்தார். இன்று 'லீச்' என்றால் அட்டைப்பூச்சி. 'வோர்ட்' சில செடிப் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அர்த்தம் தெரிந்த ஆங்கிலேயர்கள் எத்தனை பேரோ.

தமிழில் அந்த அளவுக்கு அறுந்துபோகவில்லை. தென்காசிப் பக்கம் இன்றும் 'மேலுக்கு முடியல' என்றால் உடம்பு சரியில்லை என்று புரிகிறது. ஆனால் கல்லுருக்கியைக் கண்டால் அடையாளம் சொல்லத் தெரிந்த காலேஜ் பையன்கள் எத்தனை பேர்?

அதற்காகப் பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முடக்கறுத்தானின் தாவரவியல் பெயர் கார்டியோஸ்பெர்மம், அதாவது 'இதய விதை'. இதய நோய்க்கு மருந்து என்பதால் அல்ல, கறுப்பு விதையின் மேல் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதால்! ஒருவர் உபயோகத்தைப் பார்த்தார், இன்னொருவர் உருவத்தைப் பார்த்தார். பெயர் என்பது வைத்தவரின் நம்பிக்கை, அவ்வளவுதான். நிரூபணம் வேறு.

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே. ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அது நல்ல பலன் தருவதாகச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1988-இல் லான்செட் இதழில் வந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவிர, பித்தக் குழாயில் கல் அடைத்தாலும், குடியால் ஈரல் கெட்டாலும் கண் மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் ஒரே இலையை அரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனால் உயிருக்கே ஆபத்து.

பழசு எல்லாமே குப்பை என்பவர்களுக்கும் பதில் உண்டு. 10-ஆம் நூற்றாண்டு ஆங்கில வைத்திய நூலான 'பால்டின் லீச்புக்'கில் உள்ள ஒரு கண் மருந்தை (பூண்டு, ஒயின், மாட்டுப் பித்தம்!) நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தார்கள். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் கொன்றதாக 2015-இல் அறிவித்தார்கள். நூல் இருந்ததால் சோதிக்க முடிந்தது. குற்றாலத்து வியாபாரியின் நினைவில் மட்டும் இருப்பதை யார் சோதிப்பது?

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து பத்து மாணவர்கள் ஒரு சாரல் காலம் வந்து உட்கார்ந்தாலே போதும். விற்பனைக்கு வைத்த ஒவ்வொரு குவியலிலும் ஒரு அட்டை: ஊர்ப் பெயர், தாவரவியல் பெயர், எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை. அட்டைக்கு ஆகும் செலவு ஒரு பாக்கெட் சிப்ஸ் விலைகூட வராது.