மகேந்திரனுக்கு ஒரு மாலை

இந்த வாரம் மனசு பூரித்துக் கிடக்கிறது. நெடுநாள் நண்பனுக்கு அறுபது நிறைந்தது. மணிவிழாவெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, எங்கள் கூட்டத்தை மட்டும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர வீடு ஒன்றுக்கு அழைத்திருந்தான். மதியச் சாப்பாட்டோடு ஒயின் ருசி பார்ப்பதாக ஏற்பாடு. ஓட்டல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற தோழி பொறுப்பேற்றுக்கொண்டாள்.

அவள் சொல்லிக்கொடுத்த விதம் அவ்வளவு அழகு. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவில்லை. தண்டைப் பிடிக்கணும், மேலே பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும் என்றாள். மெல்லச் சுழற்றி முதலில் முகர வேண்டும், பிறகுதான் வாய். நாசிக்கில் விளைந்த ஷெனின் பிளாங்கில் எனக்குக் கொய்யாப்பழ வாசம் வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு வரவில்லை. அதுவும் சரிதான் என்றாள். அந்தப் புளிப்பு, பொரித்த நெத்திலியின் எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து துடைத்துக்கொண்டு போனது. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது, நம்ம வெயிலுக்கு அதையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, வியர்த்திருந்த ஷிராஸ் பாட்டிலைத் துடைத்துத் திறந்தாள்.

இதைப் பற்றியே முழுப் பத்தியும் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒருவன் சொன்னான்: "கோயில் ஊர்ல வந்து உட்கார்ந்து குடிக்கிறோமேடா, பல்லவ ராஜா பார்த்தா என்ன நினைப்பான்?"

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அடுத்து வரப்போவது தெரிந்திருக்கும். மத்தவிலாசம்தான். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆசை தீரவில்லை.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் சமஸ்கிருதத்தில் எழுதிய ஓரங்க நாடகம் அது. கதை நடப்பது காஞ்சியில். சத்தியசோமன் என்ற காபாலிகச் சைவத் துறவியும் அவன் துணைவி தேவசோமாவும் நல்ல போதையில் வருகிறார்கள். பிச்சை வாங்கும் மண்டையோட்டுக் கிண்ணத்தைக் காணோம். உள்ளே வறுத்த இறைச்சி இருந்தது, ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பௌத்த பிட்சுவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிட்சு விருந்து முடிந்து, துணிக்குள் தன் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வருகிறான். நல்ல சாப்பாட்டையும் நல்ல படுக்கையையும் அனுமதித்த புத்தர் மதுவையும் பெண்ணையும் மட்டும் விலக்கியிருப்பாரா, பொறாமை பிடித்த கிழட்டுப் பிட்சுக்கள்தான் ஏட்டிலிருந்து எடுத்திருப்பார்கள் என்பது அவன் ஏக்கம். சண்டை முற்றுகிறது. பாசுபத சைவத் துறவி ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பிடுங்கிய கிண்ணத்தோடு வந்து நிற்கிறான். பிட்சுவும் காபாலிகனும் சமாதானமாகிறார்கள்.

கள்ளுக்கடையை வேள்விச்சாலையாகவே காபாலிகன் வருணிக்கும் இடம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறு இடம். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வரும்போது தேவசோமா மறுக்கிறாள். விகாரங்களில் குவிந்த செல்வத்தால் பிட்சு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நம்மிடம் இருப்பதோ பாம்புத்தோலும் திருநீறும்தான் என்கிறாள். தன் ஆட்சியில், தன் தலைநகரில், தன் நீதிமன்றத்தில் லஞ்சம் நடக்கிறது என்று ஒரு குடிகாரப் பெண்ணின் வாயால் சொல்லவைத்த அரசன்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கை தட்டத் தோன்றுகிறது. குடியை அவன் புகழவில்லை, குடிப்பவர்களை வெறுக்கவும் இல்லை. அவர்கள் தள்ளாடுவதையும் காட்டுகிறான், அவர்கள் பேச்சில் இருக்கும் நியாயத்தையும் கேட்கவைக்கிறான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் போகும்போது வல்லம் வரும். அங்கே குன்றைக் குடைந்து ஒரு குடைவரை. வயந்தப்பிரியரசர் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. சத்துருமல்லன், குணபரன் என்ற பட்டங்களோடு மகேந்திரன் பெயரும் அதில் இருக்கிறது. மத்தவிலாசன் என்பதும் அவனுடைய பட்டங்களில் ஒன்றுதான். விருந்தன்று காலை அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லித் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் மகன் நரசிம்மனின் பெயரோடு திரும்பிப் போகிறார்கள். அப்பா எழுத்தாளன் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இது என் நெடுநாள் மனக்குறை.

நாடகம் நம் கைக்கு வந்ததே கேரளத்திலிருந்துதான். 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். அங்கே வடபகுதிக் கோயில்களில் சாக்கியார்கள் மத்தவிலாசக் கூத்தைப் பிள்ளைப்பேறு வேண்டி நேர்த்திக்கடனாக ஆடுகிறார்கள். காஞ்சித் தெருவில் நடக்கிற கதைக்குக் காஞ்சிப் பக்கத்தில் ஒரு மேடை வேண்டாமா?

டிசம்பரில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா தொடங்கும். அதில் ஒரே ஒரு மாலையை மகேந்திரனுக்குக் கொடுங்கள் என்று விழா நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல தமிழில், நாயோடும் பைத்தியக்காரனோடும், லஞ்ச வசனத்தை வெட்டாமல் போட வேண்டும். தேவசோமாவாக நடிக்க எங்கள் தோழி இப்போதே தயார். எஞ்சியிருந்த ஷிராஸை மூடி வைத்துவிட்டு, பாசுபதன் வேடம் யாருக்கு என்று அன்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.