39 வாரம் வரை பொறுங்கள்

மூலம் வேண்டாம், கேட்டை வேண்டாம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் குழந்தையை எடுத்துவிட வேண்டும். ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு மகப்பேறு மருத்துவரிடம் வரும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் அபூர்வமல்ல. சில நேரம் அந்த வெள்ளிக்கிழமை 37 வாரம்தான் நிறைந்திருக்கும். "மாசம் நெருங்கிடுச்சே, ரெண்டு வாரம் முன்னாடின்னா என்ன?" என்பார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் குழந்தை எடை மட்டும் போடுவதில்லை. மூளை வேகமாக வளர்கிறது. மூச்சுவிடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் நுரையீரலில் சேர்கிறது. பிரசவ வலி எடுக்கும்போது அங்குள்ள நீரும் வற்றத் தொடங்குகிறது. வலி வருமுன்னே அறுத்து எடுத்த பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. மூக்கு விடைக்க, விலாவுக்கு நடுவே சதை உள்வாங்க, மூச்சுக்கு மூச்சு முனகும் பிஞ்சைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். பால் கட்டிய மார்போடு தாய் ஒரு மாடியில், பிள்ளை வேறொரு மாடியில்.

ஏற்கெனவே சிசேரியன் ஆன 13,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தாய்மார்களின் அடுத்த சிசேரியனை ஆராய்ந்த முடிவு 2009-ல் வெளிவந்தது. 37 வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 15 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல், தொற்று என்று ஏதேனும் ஒரு சிக்கல். 39 வாரத்தில் அது 8 சதவீதம். பத்து மாதம் சுமந்தாள் என்று நம் பாட்டிகள் சொன்னதை 28 நாள் மாதமாக எண்ணிப் பாருங்கள்: 280 நாள், அதாவது 40 வாரம்.

தாய்க்கு ரத்தக்கொதிப்பு, குழந்தைக்கு வளர்ச்சி நின்றுபோனது போன்ற நிலையில் மருத்துவர் முன்கூட்டியே எடுக்கச் சொன்னால் தயங்கவே கூடாது. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. நாம் எதிர்ப்பது, நட்சத்திரத்துக்காகவும் வசதிக்காகவும் நாளை முன்னே இழுப்பதை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். முன்கூட்டியே நாள் குறித்து வரும் குடும்பங்களிடம் மறுத்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள் என்று மருத்துவர்கள் இணங்கிப்போவது சரியல்ல. திட்டமிட்ட ஒவ்வொரு சிசேரியனிலும் எத்தனை வாரம், என்ன காரணம் என்று பதிவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். கர்ப்பிணிகளின் விவரம் அரசின் பிக்மி (PICME) பதிவில் ஏற்கெனவே இருப்பதால் இது பெரிய வேலையுமல்ல.

சிசேரியன்தான் என்று முடிவாகி, நல்ல நாள் பார்த்தே தீர வேண்டுமென்றால், 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நாட்களில் ஒன்றை மருத்துவரைக் கேட்டுக் குறியுங்கள்.