50 மி.கி. டிரமடால், 10 மி.கி. மார்ஃபின்... எது 'ஸ்ட்ராங்'? வலி மருந்தை மாற்றும்போது தப்பு நடப்பது எங்கே?

புற்றுநோய் வலிக்காக டிரமடால் மாத்திரை போட்டுவந்த ஒருவருக்கு, டாக்டர் மார்ஃபின் 10 மி.கி. எழுதித் தருகிறார். அட்டையைப் பார்க்கும் வீட்டாருக்கு உடனே சந்தேகம் வரும். "இவ்வளவு நாள் 50 மி.கி. போட்டாங்க, இப்போ வெறும் 10-தானா? இதுக்கு வலி கேட்குமா?" சிலர் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. பழைய மாத்திரையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

மி.கி. என்பது மருந்தின் எடை மட்டுமே, அதன் வீரியம் அல்ல. அந்த 10 மி.கி. மார்ஃபின், 50 மி.கி. டிரமடாலுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ வேலை செய்யும்.

மார்ஃபின்தான் அளவுகோல்

டிரமடால், கோடீன், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் எல்லாமே ஓபியாய்டு வகை மருந்துகள். வலியைக் குறைக்கும் இதே மருந்துகள், அளவு மீறினால் மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் மந்தமாக்கிவிடும். அதனால்தான் இவற்றின் வீரியத்தை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. வாய்வழி மார்ஃபினை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை மதிப்பிடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் கோடீன் 0.15, ஆக்ஸிகோடோன் 1.5. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச்தான் பார்வைக்கு ஏமாற்றும். மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று அதில் போட்டிருக்கும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அந்த ஒரு பேட்ச், நாள் ஒன்றுக்கு சுமார் 60 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமம்! மருந்து உடம்புக்குள் போகும் வழியும் முக்கியம். 30 மி.கி. மார்ஃபின் மாத்திரை செய்யும் வேலையை ஊசியில் 10 மி.கி. செய்துவிடும்.

இரட்டிப்பான டிரமடால்

சரி, பட்டியலைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டால் போதாதா? போதாது. டிரமடாலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, முன்பு டிரமடாலை 0.1 என்று கணக்கிட்டு வந்தது. 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது 0.2 ஆனது. ஒரு நாளைக்கு 400 மி.கி. டிரமடால் எடுப்பவரின் கணக்கு, 40 மி.கி. மார்ஃபினில் இருந்து 80 மி.கி.க்குத் தாவிவிட்டது. மாத்திரையும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு ஓபியாய்டு எடுக்கிறார் என்று கண்காணிக்க, எண்ணைக் கொஞ்சம் கூட்டிப்போடுவது பாதுகாப்பானது. புது மருந்தின் டோஸை முடிவு செய்ய அதே எண்ணை எடுத்தால், கூட்டிப்போட்டது அப்படியே ஓவர்டோஸ் ஆகிவிடும். மருந்து மாற்றும்போது டோஸை முடிவு செய்ய இந்தக் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று சிடிசியே சொல்கிறது. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களைத் தட்டுபவர்கள் கவனிக்காமல் விடும் வரி இதுதான்.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் சின்னதல்ல. கோடீனும் டிரமடாலும் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வீரியம் பெறும். அந்த நொதி சிலருக்கு மந்தமாகவும் சிலருக்கு மிக வேகமாகவும் வேலை செய்யும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் அறிவித்ததற்குக் காரணம் இதுவே.

டாக்டர்கள் எப்படி மாற்றுகிறார்கள்?

24 மணி நேரத்தில் எடுத்த மொத்த மருந்தை, இடையில் வலி கூடும்போது போட்டதையும் சேர்த்து, முதலில் கணக்கிடுவார்கள். அதைப் புது மருந்துக்கு மாற்றி, பிறகு 25 முதல் 50 சதவீதம் வரை குறைத்துத் தொடங்குவார்கள். உதாரணத்துக்கு, நாளுக்கு 60 மி.கி. மார்ஃபின் என்றால் கணக்குப்படி ஆக்ஸிகோடோன் 40 மி.கி. வரும். ஆனால் தொடங்குவது 20 முதல் 30 மி.கி.யில்.

ஏன் குறைக்க வேண்டும்? பழைய மருந்துக்கு உடம்பு பழகியிருக்கும். அந்தப் பழக்கம் புது மருந்துக்கு முழுசாகக் கைகொடுக்காது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்ஃபினின் கழிவுப்பொருட்கள் உடம்பிலேயே தேங்கிவிடும். மெத்தடோன் இந்தக் கணக்குகளுக்கே அடங்காது. அதை அனுபவமுள்ள நிபுணர்தான் கையாள வேண்டும்.

நம் ஊரில் மருந்து மாறுவதற்கு எப்போதும் மருத்துவக் காரணமே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்டவற்றை அத்தியாவசிய மருந்துகளாக அங்கீகரித்து, பல லைசென்ஸ் வாங்கும் அலைச்சலைக் குறைத்தது. இருந்தும் பக்கத்து மெடிக்கலில் மார்ஃபின் கிடைப்பது அபூர்வம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து, சொந்த ஊரில் 'ஸ்டாக் இல்லை' என்று இன்னொரு மருந்து என மாறும்போது, முந்தைய சீட்டும் 24 மணி நேரக் கணக்கும் புது டாக்டர் கைக்குப் போகாமலே நின்றுவிடலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

பேட்ச் ஒட்டியதும் வலி குறையாது. முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் இன்னொன்றை ஒட்டிவிடக் கூடாது. எடுத்த பிறகும் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் இஷ்டத்துக்கு மாத்திரை கொடுப்பதும் ஆபத்து. காய்ச்சல் அடித்தாலோ, பேட்ச் மேல் ஹாட் வாட்டர் பேக் வைத்தாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கும். இதற்கு முன் ஓபியாய்டே எடுக்காதவருக்கு ஃபென்டனில் பேட்ச் போடவே கூடாது.

விழுங்க முடியவில்லை என்று, மெதுவாகக் கரையும் வகை மார்ஃபின் மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பதும் நடக்கிறது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் இவற்றோடு சேரவே கூடாது. பயந்துபோய் மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் வியர்வை, வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத வலி என்று திரும்பி வரும்.

மருந்து மாற்றிய முதல் சில நாட்களுக்கு, தூங்குபவரை அவ்வப்போது எழுப்பிப் பாருங்கள். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த டோஸ் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். என்ன மருந்து, எப்போது, எவ்வளவு என்று எழுதிய சீட்டை ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அதைக் கொடுப்பதா என்று அவர்கள் முடிவெடுக்க அந்தச் சீட்டு உதவும்.