சொல்லும் நிலமும்: சுரம்

"சுரம்" என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் காய்ச்சல் என்பான். பாட்டுக் கற்கும் பெண் ச, ரி, க, ம என்று தொடங்குவாள். இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஜ்வரமும் ஸ்வரமும் தமிழ் எழுத்தில் ஓருருவம் பெற்றுவிட்டன. இவ்விரண்டும் அல்லாத மற்றொரு சுரம் நமக்கு உண்டு. அதன் பொருளை அறிய இன்று மலையாளப் பெயர்ப்பலகையை நாட வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களில் சுரம் என்பது பாலைநிலத்து வழி. நீரும் நிழலும் அற்று, ஆறலை கள்வர் திரியும் அருநெறி. தொல்காப்பியமும் இச்சொல்லை ஆள்கிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் "இடைச்சுரப் பத்து" என்றே ஒரு பத்து அமைந்துள்ளது. பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் நடுவழியில் நின்று இல்லத்தை நினைக்கும் பாடல்கள் அவை. பிழைப்பின் பொருட்டு ஊர் கடந்து வந்த நம்மவர்க்கு அவற்றை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. அந்நூலைத் தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன்.

சுடு, சுள் முதலிய வெப்பச் சொற்களோடு சுரத்தைச் சேர்த்து எண்ணும் அறிஞர் உளர். முதலில் வெம்மை; பின் வெம்மை மிக்க நிலம்; பின் அந்நிலத்தைக் கடக்கும் அரிய வழி. தமிழ்ப் பேச்சில் இச்சொல் மறைந்தது. மலையாளமோ அதன் கடைசிப் பொருளைப் பற்றிக்கொண்டு, மலையைக் கடக்கும் வழிக்கு அதனைப் பெயராக்கிற்று. 1872-இல் வெளிவந்த குண்டர்ட் அவர்களின் அகராதியிலும் "சுரம்" மலைவழியே. ஒன்பது கொண்டையூசி வளைவுகளோடு வயநாட்டுக்கு ஏறும் சாலை தாமரசேரிச் சுரம் எனப்படுகிறது. அங்கே மழையும் பசுமையும் மிகுதி. பாலையின் சாயலே இல்லை. வெம்மை உதிர்ந்து வழி மட்டும் எஞ்சியது என்பது என் கருத்து.

ஆயினும் நாம் வாழும் பாலக்காட்டில் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகன்று கிடக்கும் இவ்வாயிலைப் பாலக்காட்டுச் சுரம் என்பர் மலையாளிகள். கோடையில் இங்கு அடிக்கும் அனற்காற்றையும், சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பனைகளையும் கண்டவர், சங்கப் புலவரின் சுரம் இதுவே என்று சொன்னாலும் மறுக்க மனம் வராது. 1862-இல் சென்னையையும் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியேதான் வந்தது.

தமிழில் நாம் இதனைக் கணவாய் என்கிறோம். அதுவும் நல்ல திராவிடச் சொல்லே. கன்னடத்தில் கணிவெ, தெலுங்கில் கனுமா என வழங்குகிறது. (கடற்கரையில் கணவாய் என்று கேட்டால் மீன்தான் கிடைக்கும்!) ஆகவே கணவாயைத் தள்ள வேண்டுவதில்லை. ஆனால் பேருந்துப் பலகையில் "சுரம்" என்று படிக்கும் பிள்ளை, "இது மலையாளச் சொல்தானே, அப்பா?" என்று கேட்டால், "நம் பாட்டன் சொல், இவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள்" என்று விடை கூறுங்கள்.

இடுக்கி எல்லையில் குடியிருக்கும் அன்பர்களுக்கு வேறொரு சொல் நாவில் வரும்: போடிமெட்டு, கம்பம்மெட்டு. அந்த "மெட்டு" மேட்டின் உறவா, வேறா என்பதை அடுத்த திங்கள் பார்ப்போம்.