பரணில் உறங்கும் கல்யாணங்கள்

திருச்சி கைலாசபுரம், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையையொட்டி எழுந்த குடியிருப்பு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர் வீட்டைக் காலி செய்தாகவேண்டும். மூட்டை கட்டும்போது பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கும். உள்ளே கல்யாணக் கேஸட், காதுகுத்துக் கேஸட், தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திக் கேஸட். போட்டுப் பார்க்க டெக் எங்கே?

இது ஒரு வீட்டுக் கவலை அன்று. 1976-ல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். கேஸட், 1982-ல் நம் நாட்டுக்கு வண்ண டெலிவிஷன் வந்தபின் இங்கும் வேரூன்றியது. கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025-ஐ ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே கெடுவாகச் சொல்லி எச்சரித்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது. நாடா இருக்கும், அதை ஓட்டும் யந்திரம்தான் இராது.

பரிகாரம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உண்டு. டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைப் படம் பதியும் சிறு கருவியில் செருகி, அதைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. வாயில் இணைக்கவேண்டும். நம் நாட்டுக் கேஸட்டுகள் பால் முறையில் பதிந்தவை; எனவே விநாடிக்கு 25 படம், 720-க்கு 576 புள்ளி என்று அமைப்பது முறை. மூன்று மணி நேரக் கேஸட்டுக்கு மூன்று மணி நேரமே ஆகும், குறுக்குவழி கிடையாது. அப்போது கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுத்தால் இடையிடையே படம் விட்டுப்போகும். ஒலியும் படமும் பிரிந்து நிற்கும். டி.வி. முறையில் பதிந்தால் மணிக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். ஆகவே 500 ஜி.பி. டிஸ்க் ஒன்று முப்பது மணி நேரத்துக்குத் தாராளம். வெட்டி ஒட்டுவதெல்லாம் பிறகு. முதலில் முழுதாகப் பதிந்து, இரண்டு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வைப்பதே விவேகம். பூஞ்சை பிடித்த நாடாவை மட்டும் அப்படியே ஓட்டக்கூடாது. டெக்கும் கெடும், அடுத்த கேஸட்டும் கெடும்.

வீட்டுக்கு வீடு பழைய டெக் தேடி அலைவது வீண். குடியிருப்பு மன்றங்கள் பொதுவில் ஒரு நல்ல டெக்கும் கம்ப்யூட்டரும் வைத்து, முறைபோட்டுக் கொடுத்தால் என்ன? சினிமாவைக் காக்கச் சர்க்கார் 1964-லேயே புனாவில் காப்பகம் அமைத்தது. நம் வீட்டுப் பாட்டியின் குரலுக்கு நாம்தான் காப்பகம். டெக் ஓடும்போதே காரியத்தை முடித்துக்கொள்வோம்!