ஆள் இருக்கா, பாஸ்?

அதிகாரத்துக்கு டச்சு மொழியில் 'மாக்ட்' என்று பெயர். 'இயலும்' எனப் பொருள்படும் பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்த சொல் அது. என்னால் முடியும் என்பதே அதிகாரம். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, பிறகு நம் செங்கல்பட்டுக் கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்திலும் குந்திய டச்சுக்காரர்கள் இந்தச் சொல்லை நமக்கு விட்டுப் போகவில்லை. எப்படி விடுவார்கள்? பஞ்சத்தில் அடிபட்ட இந்தக் கரைச் சனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியவர்கள் அவர்கள்.

அவர்கள் விட்டுப்போன சொல் 'கக்கூஸ்'. டச்சில் மலம் கழிக்கும் வீடு. இன்னொரு டச்சுச் சொல் சுற்றுவழியாக இங்கிலீஷ் மூலம் வந்தது: 'பாஸ்'. எசமான் என்று பொருள். அமெரிக்காவில் வெள்ளைக் கூலிக்காரர்கள் முதலாளியை 'மாஸ்டர்' என்று கூப்பிட மறுத்தார்கள். அது கறுப்பு அடிமைகள் சொல்லும் சொல்லாம்! அதற்குப் பதில் 'பாஸ்' என்றார்கள். தென்னாப்பிரிக்காவிலோ கறுப்பு மக்கள் வெள்ளையனை அதே 'பாஸ்' போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, நம் பாட்டன் 'ஆண்டே' என்று கைகட்டி நின்றதுபோல. சொல்லை மாற்றினால் எசமான் ஒழிந்துவிட மாட்டான்.

2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. போர்டு பெருசாச்சு. ஆனால் பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் தொட்டி அடைத்துக்கொண்டால் கான்ட்ராக்டருக்குப் போன் போகிறது: "ஆள் இருக்கா, பாஸ்?" எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும், சேரி ஆள்.

1993இல் சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அது முப்பது லட்சமானது. அந்தப் பணம் குடும்பத்துக்குச் சேர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது செத்த பிறகு வரும் தொகையை அல்ல. கான்ட்ராக்ட் ஒழிந்த நிரந்தர வேலை, குழிக்குள் இறங்க எந்திரம், பிள்ளைகளுக்கு வேறு தொழில்.

தமிழில் 'ஆள்' என்றால் கூலிக்காரன். அதே 'ஆள்', வினையானால் ஆட்சி செய். கூலி ஆளாகவே நம்மை நிறுத்தி வைத்தது மொழியல்ல, சாதி.

"நான் இறங்க மாட்டேன்" என்று நம்மாளு ஒருத்தன் சொல்லி, மறுநாளும் அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதுதான் அதிகாரம்.