கத்தி அவள் வயிற்றுக்கு மட்டும்தானா?

மேடையேறிப் பெண்ணுரிமை முழங்குகிறோம். சொத்திலே பங்கு கேட்டோம். படிப்பிலே இடம் கேட்டோம். பதவியிலே பாதி கேட்கிறோம். ஆனால், தோழர்களே! கூட்டம் முடிந்து வீடு திரும்பி, "இனிப் பிள்ளை வேண்டாம்" என்று முடிவெடுத்ததும், மருத்துவமனைப் படுக்கைக்கு நாம் அனுப்புவது யாரை? பத்துத் திங்கள் சுமந்தவளை! பெற்றுப் பிழைத்து வந்தவளை!

மிகையன்று. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பமோ ஆயிரத்துக்கு மூன்று! 2014 நவம்பரில் சத்தீசுகட்டின் பிலாசுப்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் பிணமாயினர். அந்தப் படுக்கையிலே ஏன் ஓர் ஆண்கூட இல்லை?

அச்சம் என்பார்கள். அச்சத்துக்கு அடிப்படை அறியாமை. பெண்ணுக்குச் செய்வது வயிற்றுக்குள் சென்று கருக்குழாயை அடைக்கும் அறுவை. ஆணுக்கோ விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு துளையிட்டு, குழாயைத் துண்டித்துக் கட்டிவிடுகிறார்கள். அரைமணி நேரங்கூட ஆகாது. அன்றே வீடு திரும்பலாம். கத்தியின்றித் துளையிடும் முறை 1974-ல் சீனத்திலே உருவானது. அதற்குத் தையலும் தேவையில்லை.

ஆண்மை போய்விடுமா? போகாது! விரைகள் நீக்கப்படுவதில்லை. ஆண்மைக்குரிய சுரப்பு அந்தக் குழாய் வழியே செல்வதன்று; குருதியிலே கலப்பது. விழைவும் எழுச்சியும் முன்போலவே இருக்கும். விந்து நீரும் ஏறத்தாழ அதே அளவே வரும். அதில் அணு மட்டும் இராது. மூட்டை தூக்கும் தோழரின் வலிமையும் குன்றாது. புண் ஆறும் வரை ஒரு வாரம் பாரம் தூக்காதிருந்தால் போதும்.

நன்மையை மட்டும் சொல்லி மறைப்பது நம் வழக்கமன்று. அறுவை முடிந்த அன்றே பயன் கிடைக்காது. குழாயிலே தங்கிய அணுக்கள் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதமாகும். அதுவரை ஆணுறை முதலிய வேறு காப்பு வேண்டும். பின்னர் விந்தைச் சோதித்து, அணு இல்லையென்று மருத்துவர் சொன்ன பிறகே கவலை விடலாம். இதைச் செய்யாமல், மனைவி கருவுற்றால் அவள் கற்பை ஐயுறும் கயமை கூடவே கூடாது! சோதனைக்குப் பின்னும் மிக அரிதாகக் குழாய் மீண்டும் இணைவதுண்டு. சிலருக்கு வீக்கமோ சீழோ வரலாம். ஒரு சிலருக்கு வலி நீடிக்கும். மீண்டும் இணைக்கும் அறுவை உண்டெனினும் வெற்றி உறுதியன்று. ஆகவே, இதை நிலையான முடிவென்றே கொள்ளவேண்டும். பால்வினை நோயையும் இது தடுக்காது.

இன்னொன்றும் மறக்கலாகாது. நெருக்கடி நிலையின்போது, 1976–77 ஓராண்டில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இவ்வறுவை நடந்தது. இலக்கு நிர்ணயித்து, ஏழையை மிரட்டி, இழுத்துச் சென்ற கொடுமை அது! அந்தப் பழியின் நிழலிலே ஆண்கள் ஒதுங்கினர். சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. நாம் கேட்பது கட்டாயமன்று. கருத்தோடு கூடிய இசைவு.

"பிள்ளை குறைந்த மாநிலத்துக்கு நாடாளுமன்ற இடமும் குறையுமோ என்று அஞ்சும்போது இப்பேச்சு எதற்கு?" என்று கேட்கும் தோழர் உண்டு. அந்த உரிமைப் போரை அரங்கிலே நடத்துவோம். அதற்குப் படைக்கலன் நம் பெண்களின் கருப்பையன்று! எத்தனை பிள்ளை என்பதைத் தம்பதியரே தீர்மானிக்கட்டும். போதும் என்றபின் யார் உடலில் அறுவை என்பதே நம் கேள்வி.

நாட்டு நலனுக்கும் வீட்டுச் செலவுக்குமாகப் பிறர் கருத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றவர் பெரியார். அவர் வழி வந்தோம் என்போர், விடுதலையின் விலையையும் அவளிடமே வாங்குவது அறமா?

துணைவியோடு கலந்து பேசுங்கள். மருத்துவரிடம் ஐயம் தீரக் கேளுங்கள். பிறகு, மனமொப்பினால், முதல் அடியை நீங்கள் வையுங்கள். மேடையிலே ஒலித்த முழக்கம் மருத்துவமனை வாயில் வரை நடக்கட்டும்!